ஆறு யூனிட் மின்சாரம், நொறுங்கும் எஃகு, தப்பிக்கும் ஒளி: தெரியுமா?

ஆறு யூனிட் மின்சாரம் என்ன செய்யும்? மின்கட்டண அட்டையில் கண்ணில்கூடப் படாத கணக்கு அது. அந்த ஆறு யூனிட்டுக்குள் அடங்கும் மின்சாரத்தைக் கொண்டு எஃகை ஆவியாக்கியிருக்கிறார்கள். வைரத்தை உருக்கியிருக்கிறார்கள். சூரியனின் நடுமையத்தைவிட நூறு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உண்டாக்கியிருக்கிறார்கள்! எல்லாம் கண் இமைக்கும் நேரத்திலா? இல்லை. இமைக்கும் நேரத்தைப் பத்து லட்சம் துண்டாக்கினால் வருமே, அதில் ஒரு துண்டுக்குள்!

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகெர்க்கி நகரில், சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது அந்த இயந்திரம். பெயர் ஒற்றை எழுத்து: இசட். 33 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட ராட்சத வட்டம். அதன் நடுவே வைக்கப்படும் பொருளோ ஓரிரு சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். அந்தச் சின்னஞ்சிறு இலக்கை நோக்கி 36 திசைகளிலிருந்து மின்சாரம் பாய்ந்து வருகிறது. உச்சத்தில் எவ்வளவு தெரியுமா? 2 கோடியே 60 லட்சம் ஆம்பியர்! வானத்து மின்னலில் சாதாரணமாக ஓடுவது சுமார் 30,000 ஆம்பியர்தான். எண்ணூறு மின்னல்களுக்கும் மேற்பட்ட ஓட்டம், ஒரு விரல்நுனி அளவு இடத்துக்குள்!

சரி, ஆறு யூனிட்டில் இது எப்படி முடிகிறது? ரகசியம் மின்சாரத்தின் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. தேங்காயைக் கல்லின்மேல் வைத்து நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருந்தாலும் உடையாது; அதே கையால் ஓங்கி ஒரு போடு போட்டால் சிதறிவிடும். இசட் செய்வதும் அதுவே. நிமிடக் கணக்கில் மெல்ல மெல்லச் சேர்த்து வைத்த ஆற்றலை, 100 நானோ நொடியில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் ஓடும் மின்திறன் சுமார் 80 லட்சம் கோடி வாட். உலகத்தின் அத்தனை மின்நிலையங்களும் சராசரியாக ஒரே நேரத்தில் தரும் திறனைக் கூட்டினாலும், இதில் இருபதில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் வரும்! துடிப்பு மின்திறன் என்று இந்தத் துறைக்குப் பெயர். இதை வைத்து அணுக்கரு இணைவை, அதாவது சூரியன் எரியும் முறையை, பூமியில் நடத்திக்காட்ட முடியுமா என்பதுதான் அரை நூற்றாண்டாக நடக்கும் வேட்டை.

இந்த வேட்டையில் ஒரு விசித்திரம் உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் இயந்திரம் தன் நெஞ்சைத் தானே பிளந்துகொள்கிறது. அங்கே அதை 'ஷாட்' என்பார்கள். ஷாட் முடிந்ததும் நடுப்பகுதியில் இருந்த உலோகம் உருகி, ஆவியாகி, சில்லு சில்லாகத் தெறித்திருக்கும். அவ்வளவு அழிவுக்கு நடுவே கருவிகள் எப்படிப் பிழைக்கின்றன? கோடிக்கணக்கான பணம் போட்ட லேசர், கேமரா, உணர்விகள் எல்லாம் எப்படித் தப்புகின்றன? எனக்கு இணைவைவிட அதிகம் மூச்சுமுட்டவைக்கும் சங்கதி இதுதான். அதற்குப் போகும் முன் இயந்திரத்துக்குள் கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம், வாருங்கள்!

வெளி வட்டத்தில் 36 மார்க்ஸ் ஜெனரேட்டர்கள். ஜெர்மானியப் பொறியாளர் எர்வின் மார்க்ஸ் 1924-இல் தந்த யோசனை இது. நூறு வயதைத் தாண்டிய யோசனை! மின்தேக்கிகளைப் பக்கம் பக்கமாக இணைத்துச் சாவகாசமாக மின்னேற்ற வேண்டியது. பிறகு கணப்பொழுதில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துவிட வேண்டியது. அப்போது எல்லாவற்றின் வோல்ட்டும் ஒன்றோடொன்று கூடிவிடும். இசட்டில் ஒவ்வொரு ஜெனரேட்டரிலும் 60 மின்தேக்கிகள், மொத்தம் 2,160. ஒவ்வொன்றையும் 85,000 வோல்ட் வரை ஏற்றலாம். அறுபதும் தொடராகும்போது? 50 லட்சம் வோல்ட்!

அந்த வோல்ட் காற்றில் நின்றால் தாறுமாறாகப் பொறி பாயும். அதனால் மார்க்ஸ் ஜெனரேட்டர்கள் அத்தனையும் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. எண்ணெயைத் தாண்டினால் அடுத்த வளையம் முழுக்கத் தண்ணீர்! ஆமாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் சேர்க்காதே என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நாம், லட்சக்கணக்கான வோல்ட்டைத் தண்ணீருக்குள் விடுகிறார்கள் என்றால் திகைக்கத்தானே செய்வோம்! உப்பு எல்லாம் நீக்கப்பட்ட மிகத் தூய நீர், மிகக் குறுகிய நேரத்துக்கு அருமையான மின்காப்புப் பொருளாக நடந்துகொள்ளும். அதோடு, அதே பருமனுள்ள வெற்றிடத்தைவிட ஏறக்குறைய 80 மடங்கு மின்னேற்றத்தைத் தாங்கி வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு காற்றுக்குமிழ் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டால் போதும், அந்த இடத்தில் மின்காப்பு உடைந்துவிடும். அதனால் முக்குளிப்பவர்கள் சுவாசக் கருவியோடு உள்ளே இறங்கிப் பராமரிப்பு வேலை பார்க்கிறார்கள். இணைவு ஆராய்ச்சிக்கு முக்குளிப்பவர் தேவைப்படுவார் என்று யார் நினைத்திருப்பார்கள்!

தண்ணீரின் மேற்பரப்பெங்கும் நீல மின்னல்கள் கிளைவிட்டுப் பின்னிப் படர்ந்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அறிவியல் புத்தக அட்டைகளில் அடிக்கடி வரும் படம். அது இசட்தான்.

தண்ணீரைத் தாண்டியதும் வெற்றிடம். இங்கேதான் இந்த இயந்திரத்தின் மிக அழகான தந்திரம் ஒளிந்திருக்கிறது, கேளுங்கள். இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே சென்டிமீட்டர் கணக்கிலான இடைவெளி. அதன் குறுக்கே லட்சக்கணக்கான வோல்ட். அந்த மின்புலத்தில் உலோகத்தின் மேற்பரப்பிலிருந்தே எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்பும். எதிர்த் தகட்டை அடைந்தால் முடிந்தது கதை. நடுமையத்துக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே கசிந்துவிடும். எந்தக் காப்புப் பொருளை அங்கே திணிப்பது? எதுவும் நிலைக்காது. அப்படியானால் யார் காப்பாற்றுவது? பாயும் மின்னோட்டமே! ஓட்டம் ஏற ஏற அதைச் சுற்றி எழும் காந்தப்புலமும் ஏறுகிறது. தப்பி ஓடும் எலக்ட்ரான்களை அந்தக் காந்தப்புலம் வளைத்து, புறப்பட்ட தகட்டை ஒட்டியே ஓடவிடுகிறது. ஆபத்தைக் கொண்டுவந்த மின்னோட்டமே அந்த ஆபத்துக்கு வேலியும் ஆகிறது! இந்தக் காந்தக் காப்பு மட்டும் இல்லையென்றால் இசட் என்ற இயந்திரமே இல்லை.

மின்னோட்டம் தன்னைத் தானே நசுக்கும் என்பது உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? ஓர் இடிதாங்கி சொல்லித்தான்! ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஹார்ட்லி வேல் என்ற ஊரின் மண்ணெண்ணெய் ஆலையில் இடிதாங்கியாக உள்ளீடற்ற செப்புக் குழாய் ஒன்று நின்றது. அதில் மின்னல் இறங்கியது. பார்த்தால் குழாய் உள்வாங்கி நசுங்கிக் கிடக்கிறது! எந்தச் சுத்தியலும் படவில்லை. வெப்பம்தான் காரணமா? அதுமட்டும் போதாது. சிட்னி பல்கலைக்கழகத்தின் பொல்லாக், பேராக்ளஃப் என்ற இருவர் 1905-இல் விடை சொன்னார்கள். குழாய் வழியே இறங்கிய மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை எழுப்பியது. அந்தப் புலம் குழாயைச் சுற்றிலுமிருந்து உள்நோக்கி நெரித்தது. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் இசட் நம்பியிருப்பது அந்த ஒரே விசையைத்தான்.

அந்த விசையின் குணத்தைப் பாருங்கள். மின்னோட்டம் மாறாமல் இருக்கும்போது, குழாயின் ஆரம் பாதியானால் அழுத்தம் நான்கு மடங்கு. நசுங்க நசுங்க இன்னும் வேகமாக நசுங்கும்! 2.6 கோடி ஆம்பியர் ஒரு சென்டிமீட்டர் ஆரத்தில் ஓடினால் அழுத்தம் சுமார் பத்து லட்சம் வளிமண்டலம். ஆரம் ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கினால் சுமார் பத்துக் கோடி வளிமண்டலம்! பூமியின் நடுமையத்தில் இருப்பதே முப்பத்தாறு லட்சத்தை ஒட்டித்தான்.

ஆனால் இயற்கை இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்குமா? நெரிபடும் பிளாஸ்மா, அதாவது மின்னேறிய சூடான வாயு, நேராக நிற்காது. சில இடங்களில் இடுப்பு பிடித்தாற்போல் குறுகும், சில இடங்களில் பாம்புபோல் நெளியும், பிறகு அறுந்துபோகும். இங்கிலாந்தின் ஹார்வெல்லில் சீட்டா என்ற இயந்திரத்தை இயக்கியவர்கள் 1958 ஜனவரியில் இணைவு நியூட்ரான்களைக் கண்டுவிட்டதாக உலகுக்கு அறிவித்தார்கள். நாளிதழ்கள் கொண்டாடித் தீர்த்தன. சில மாதங்களிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது! அந்த நியூட்ரான்கள் உண்மையான வெப்ப இணைவில் பிறந்தவை அல்ல. பிளாஸ்மாவின் அந்தத் தடுமாற்றத்தில் முடுக்கப்பட்ட அணுக்கருக்கள் மோதி வந்தவை. இங்கேயும் நேரமே எதிரி. பிளாஸ்மா நெளிந்து அறுபடுவதற்குள் நெரித்து முடித்துவிட வேண்டும்.

அதை எப்படி முடித்தார்கள் தெரியுமா? கம்பிகளால்! இசட் பிறவியிலேயே இசட் அல்ல. 1985-இல் அது அயனிக் கற்றைகளால் இணைவை எட்டப்பார்த்த வேறோர் இயந்திரம். 1996-இல் அதை நெரிக்கும் இயந்திரமாக மாற்றினார்கள். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனுள்ள டங்ஸ்டன் இழைகளை வட்டமாக நிறுத்தி, அவற்றின் வழியே மின்சாரத்தை விட்டார்கள். இழைகள் ஆவியாகிப் பிளாஸ்மாவாகி நடுக்கோட்டை நோக்கி இடிந்து விழுந்தன. மோதிய கணத்தில் எக்ஸ் கதிர் வெள்ளம்! இழைகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட நெரிப்பு சீராகிறது என்று சாண்டியாவின் டாம் சான்ஃபோர்டு கண்டது பெரிய திருப்பம். நூற்றுக்கணக்கான இழைகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகக் கட்டி நிறுத்தினார்கள். பத்தாண்டு முடிவதற்குள் எக்ஸ் கதிர்த் திறன் 290 லட்சம் கோடி வாட்டைத் தொட்டது. 2007-இல் முடிந்த புதுப்பிப்புக்குப் பிறகு 350 லட்சம் கோடி!

200 கோடி டிகிரி! இது அச்சுப் பிழை இல்லை. டங்ஸ்டனுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு இழைகளை வைத்து நெரித்தபோது, பிளாஸ்மாவின் அயனிகள் 200 கோடி டிகிரியைத் தாண்டிவிட்டன. சூரிய மையம் ஒன்றரைக் கோடி டிகிரிதான். ஆய்வாளர்களே நம்பவில்லை. திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். இழைகளின் வேகத்திலிருந்து வந்திருக்கக்கூடிய ஆற்றலைவிடப் பல மடங்கு அதிகம் வெளிப்பட்டிருந்தது. காந்தப்புலத்தின் ஆற்றல் நுண்ணிய சுழிப்புகள் வழியே அயனிகளுக்குள் வெப்பமாக இறங்கியிருக்க வேண்டும் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மால்கம் ஹைன்ஸ் விளக்கம் தந்தார். 2006-இல் அது வெளியானது.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். இத்தனைக்கும் அருகில் நின்று படம் பிடிக்கும் கருவிகள் எப்படித் தப்புகின்றன?

சேமித்து வைக்கும் ஆற்றல் மொத்தம் சுமார் 2 கோடி ஜூல். வெடிமருந்துக் கணக்கில் ஐந்து கிலோ டி.என்.டி. மூடிய அறைக்குள், ஒவ்வொரு ஷாட்டுக்கும் இது நடக்கிறது. அருகிலுள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்குக் காலடியில் தரை அதிரும். இலக்கைச் சுற்றித் தடித்த உலோகக் கவசம் நிற்கிறது. ஆனால் முழுக்க மூடிவிட்டால் பார்ப்பது எப்படி? அதனால் கவசத்தில் குறுகிய பிளவுகளும் துளைகளும் விடுகிறார்கள். எக்ஸ் கதிர் வெளிவரும் வழியே சில்லுகளும் வெளிவருமே!

இங்கேதான் நேரம் கைகொடுக்கிறது. கணக்கைப் பாருங்கள்: மூன்று மீட்டர் தூரத்தில் ஓர் உணர்வி இருக்கிறது. எக்ஸ் கதிர் ஒளியின் வேகத்தில் வருகிறது. 10 நானோ நொடியில் வந்து சேர்ந்துவிடும். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வரும் உலோகச் சில்லுக்கு, துப்பாக்கி ரவையை ஒத்த வேகம்தான் அது, மூன்று மில்லி நொடி ஆகும். அதாவது மூன்று லட்சம் மடங்கு தாமதம்! சேதி வந்து சேர்ந்து, பதிவாகி முடிந்து, வெகுநேரம் கழித்துத்தான் அடி வருகிறது. மனிதக் கணக்கில் மூன்று மில்லி நொடி ஒன்றுமே இல்லை. இந்த இயந்திரத்தின் கணக்கில் அது ஒரு யுகம். வெடிப்பைத் தாங்கி நிற்பது ஒரு வழி. அதை முந்திக்கொண்டு வேலையை முடிப்பது இன்னொரு வழி. இசட்டின் பாதுகாப்பில் பெரும்பகுதி இரண்டாவது வழியில் நிற்கிறது.

அந்த மில்லி நொடிக்குள் கதவைச் சாத்திவிட்டால்? அதற்குத்தான் அதிவேக வால்வுகள், மூடிகள். குழாய் வழியே கதிர் போனதும், சில்லு வந்து சேருமுன் வழி அடைபட வேண்டும்.

சில கருவிகளுக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. இலக்குக்கு மிக அருகில் நின்று எக்ஸ் கதிரை வளைத்துப் படமாக்கும் வளைந்த குவார்ட்ஸ் படிகங்கள் பெரும்பாலும் ஷாட்டோடு ஷாட்டாக நொறுங்கிப்போகின்றன. தெரிந்தேதான் வைக்கிறார்கள். படம் மட்டும் தப்பினால் போதும்! அந்தப் படத்தைப் பிடித்து வைக்கும் தகடு, கனத்த உலோகப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அதில் மின்னணுச் சுற்று எதுவும் இருக்காது. கதிர் பட்ட சுவடுகளைத் தன்னுள் பிடித்துவைத்து, பிறகு லேசரால் படிக்கும்போது ஒளிரும் தகடு அது. இந்த இடத்தில் மிக நவீனக் கேமராவைவிட இந்த எளிய தகடு மேலானது. காரணம், ஷாட் கிளப்பும் மின்காந்த அலை எந்த மின்னணுக் கருவியையும் குழப்பிவிடும். பதிவுக் கருவிகளை எல்லாம் நான்கு பக்கமும் உலோகம் பொதிந்த அறைகளுக்குள் வைத்திருக்கிறார்கள். சேதிகள் பலவும் செப்புக் கம்பியில் வராமல் கண்ணாடி இழையில் ஒளியாக வருகின்றன. மின்காந்த இரைச்சல் ஒளியைத் தொடாதே!

அந்தக் கண்ணாடி இழைகளின் கதை கேட்டால் நெஞ்சு பொறுக்காது. மாதிரிப் பொருளின் முகத்துக்கு நேரே இழையின் நுனி நிற்கிறது. பொருள் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை, அதில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியின் நிறமாற்றத்திலிருந்து அளக்கிறார்கள். பொருளே பாய்ந்து வந்து இழையை நசுக்கிவிடும். ஆனால் ஒரு நானோ நொடியில் இழைக்குள் ஒளி 20 சென்டிமீட்டர் ஓடிவிடுகிறது. நுனி அழிவதற்குள் கடைசிச் சேதி கிளம்பிப்போயிருக்கும்!

இப்படி அளந்து என்னவெல்லாம் கண்டார்கள் தெரியுமா? அலுமினியத் தகட்டைக் காந்த விசையால் நொடிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தார்கள். பூமி சூரியனைச் சுற்றும் வேகமே நொடிக்கு 30 கிலோமீட்டர்தான்! தண்ணீரை 70,000 வளிமண்டல அழுத்தத்தில் நெரித்தபோது, சில நானோ நொடிகளில் அது பனிக்கட்டியானது. கொதிநிலையைவிடச் சூடான பனிக்கட்டி! சூரியனுக்குள் இருக்கும் நிலையில் இரும்பை வைத்துப் பார்த்தார்கள். கோட்பாடு சொன்னதைவிட அது 30 முதல் 400 சதவீதம் வரை அதிகமாகக் கதிரை மறித்தது. ஜிம் பெய்லி குழுவினர் பத்தாண்டு பாடுபட்டு 2015-இல் வெளியிட்ட இந்த முடிவு, சூரியனின் உட்புறம் பற்றிய நம் கணக்குகளையே உலுக்கியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இசட்டுக்குப் பணம் வருவது பெரும்பாலும் அணு ஆயுதத் துறையிலிருந்துதான். 1992-க்குப் பிறகு அமெரிக்கா அணுகுண்டை வெடித்துச் சோதிப்பதில்லை. கையிருப்பில் உள்ளவற்றின் நிலையை அறிய இத்தகைய ஆய்வகங்களை நம்புகிறது. புளூட்டோனியம்கூட இசட்டின் நடுவே வைக்கப்படுகிறது! அது ஒரு துளியும் வெளியே வரக்கூடாதே, என்ன செய்கிறார்கள்? மாதிரியை அடைப்புக் கலத்துக்குள் வைத்து, மின்சாரம் உள்ளே நுழைந்த அதே வழியை வெடிமருந்தால் நசுக்கி மூடுகிறார்கள். வெடிப்பிலிருந்து காக்க இன்னொரு வெடிப்பு! ஆயுதத் தேவைக்காகப் பிறந்த இந்தக் கைத்திறன் விளக்கெரிக்கப் பயன்படும் நாள் வர வேண்டும் என்பது என் ஆசை.

விளக்கெரிப்பதற்கான முயற்சி 2013 நவம்பரில் சூடுபிடித்தது. பெரிலியத்தால் ஆன சிறு குழாய். உள்ளே டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் வாயு. முதலில் வெளியிலிருந்து நெடுக்காகக் காந்தப்புலம் ஊட்டுகிறார்கள். அடுத்து மேலிருந்து லேசர் இறங்கி வாயுவைச் சூடேற்றுகிறது. உடனே இசட்டின் மின்னோட்டம் குழாயை நெரிக்கிறது. மூன்றும் வரிசை தப்பாமல் நடக்க வேண்டும்! வாயு மூன்று கோடி டிகிரியைத் தாண்டியது. இணைவில் பிறந்த நியூட்ரான்கள் பின்னாளில் 10 லட்சம் கோடியை எட்டின. கேட்கப் பெரிதாக இருந்தாலும், செலவிட்ட ஆற்றலோடு ஒப்பிட்டால் இது இன்னும் மிகச் சிறிய வரவு. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 2022 டிசம்பர் 5 அன்று 192 லேசர் கற்றைகளால் 20.5 லட்சம் ஜூலை இலக்கில் செலுத்தி 31.5 லட்சம் ஜூல் பெற்றது. மின்துடிப்பு அந்த எல்லையை இன்னும் தொடவில்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? லேசர் மேலிருந்து இறங்குகிறது. அப்படியென்றால் அதன் கடைசி லென்ஸ் வெடிப்புக்கு நேர் மேலே, முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது! அதைக் காக்க முன்னால் பலியாடாக வேறு கண்ணாடித் தகடு நிறுத்தப்படுகிறது. லிவர்மோரிலும் இதே வழக்கம்தான். விலையுயர்ந்த லென்ஸுக்கு முன்னால் மலிவான, மாற்றிக்கொள்ளத்தக்க கண்ணாடி. குழாயின் பெரிலியமும் பொல்லாதது: அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஷாட்டுக்குப் பிறகு பணியாளர்கள் பாதுகாப்பு உடையும் சுவாசக் கவசமும் அணிந்து உள்ளே போகிறார்கள். கரிந்ததைக் கழற்றி, துடைத்து, புதிய நடுப்பகுதியைப் பொருத்தி, மறுபடி காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்க வேண்டும். அதனால்தான் நாளொன்றுக்கு ஒரு ஷாட் என்பதே பெரிய வேகம்!

மின்நிலையம் அப்படி நடக்குமா? நடக்காது. சாண்டியாவில் முன்பு தீட்டிய ஒரு திட்டம் பத்து நொடிக்கு ஒரு வெடிப்பு கேட்டது. ஒவ்வொன்றும் 300 கோடி ஜூல், அதாவது சுமார் 700 கிலோ டி.என்.டி.! அருகிலுள்ள எந்த உலோகமும் மிஞ்சாது. அவர்கள் சொன்ன வழி என்ன தெரியுமா? மிஞ்சவே வேண்டாம்! மின்சாரத்தைக் கொண்டுவரும் நடுப்பகுதியையே வார்ப்பில் செய்து, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒன்றைப் பலிகொடுத்து, உருகியதை அள்ளி மீண்டும் வார்ப்பது. சுவருக்கோ திரவத் திரை. லித்தியம், பெரிலியம், ஃப்ளோரின் சேர்ந்த உருகிய உப்பு, அறைக்குள் தடித்த அருவியாக விழுந்துகொண்டே இருக்கும். எஃகுச் சுவர் அடி வாங்கினால் விரிசல் விழும். அருவி அடி வாங்கினால் சிதறும், அடுத்த நொடி மறுபடி அருவிதான்! இணைவில் கிளம்பும் நியூட்ரான் எஃகின் அணுக்களை இடம்பெயர்த்து நாளடைவில் அதை உதவாக்கரையாக்கிவிடும். உப்புத் திரை அந்த வேகத்தை முதலில் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதால் சூடாகிறது, அந்தச் சூட்டில்தான் நீராவி எடுத்து மின்சாரம் செய்யலாம். அதிலுள்ள லித்தியம் நியூட்ரானை விழுங்கி ட்ரிட்டியத்தைப் பிறப்பிக்கிறது. ட்ரிட்டியம் என்றால் அடுத்த வெடிப்புக்கான எரிபொருள்! கேடயமே அடுப்பு, கேடயமே எரிபொருள் கிடங்கு!

இது தாளில் இருக்கும் திட்டம். ஆனால் திரவச் சுவர் உண்மையிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ஜாப் எனர்ஜி நிறுவனம், பிளாஸ்மாவின் வெவ்வேறு அடுக்குகளை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு, அந்தப் பழைய நெளிவை அடக்கப்பார்க்கிறது. அதன் செஞ்சுரி என்ற சோதனைத் தளத்தில் உருகிய பிஸ்மத் உலோகம் சுவராக ஓடுகிறது. அங்கே மூன்று மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷாட்களைத் தொடர்ச்சியாகச் சுட்டிருக்கிறார்கள்!

மின்துடிப்பு உண்டாக்கும் வழியும் மாறிக்கொண்டிருக்கிறது. தண்ணீரும் எண்ணெயும் சூழ்ந்த பெரும் தொட்டிகளில் ஆற்றலைப் படிப்படியாகச் சுருக்குவதற்குப் பதில், இரண்டு மின்தேக்கி, ஒரு சுவிட்சு கொண்ட சிறு 'பிரிக்'குகளைப் பல்லாயிரமாக அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் திறப்பது. ரஷ்யாவின் டோம்ஸ்க் நகரத்து ஆய்வாளர்கள் இந்தப் பாதையில் முன்னோடிகள். இதே வழியில் வளர்ந்த மார்க்ஸ் ஜெனரேட்டர்களை நம்பி, 2023-இல் தொடங்கிய பசிபிக் ஃப்யூஷன் நிறுவனம் 90 கோடி டாலருக்கு மேல் முதலீட்டு உறுதி பெற்றிருக்கிறது. குறி: 6 கோடி ஆம்பியர்! இடம்? இசட் நிற்கும் அதே ஆல்புகெர்க்கி, 2025-இல் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி அந்தப் பொறியாளர்களின் மேசையில் கிடக்கும் கணக்கு இதுதான். நொடிக்கு ஒரு ஷாட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 86,400. ஆண்டுக்கு மூன்று கோடியே பதினைந்து லட்சம். இசட் ஆண்டுக்குச் சுடுவது நூற்றைம்பதை ஒட்டித்தான். அத்தனை கோடி ஷாட்டிலும் ஒவ்வொரு சுவிட்சும் சில நானோ நொடிகூடப் பிசகாமல் திறக்க வேண்டும், மின்தேக்கி உப்பி வெடிக்கக்கூடாது, நடுப்பகுதி அழிந்த அடுத்த நொடியே புதியது வந்து உட்கார வேண்டும். இத்தனைக்கும் முதல் படியாக, செலுத்திய ஆற்றலைவிட வரவு அதிகம் என்று ஒரே ஒரு ஷாட்டில் மின்துடிப்பால் காட்டியாக வேண்டும். இப்போது கட்டப்படும் இயந்திரங்கள் அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான்!